நிலாவைப் பார்த்து வரும் ஞாயிறு

நத்தார் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25ஆம் திகதிதான். அதற்குக் கலண்டரைப் புரட்ட வேண்டியதே இல்லை. உயிர்த்த ஞாயிறு அப்படியா? 2024இல் மார்ச் 31ஆம் திகதி வந்தது. 2025இல் ஏப்ரல் 20. 2026இல் ஏப்ரல் 5. இரண்டும் இயேசுவின் திருநாட்கள்தான். ஒன்று இருந்த இடத்திலேயே இருக்க, மற்றது ஏன் இப்படி முன்னும் பின்னும் போகிறது?

கம்பளைப் பிள்ளைகளான உங்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. நம் நாட்டுக் கலண்டர்களில்தான் போயா நாட்கள் தெளிவாகக் குறித்திருக்குமே! (முழுநிலவு சில வேளை போயாவுக்கு மறுநாள் வரும்.) மார்ச், ஏப்ரல் மாதத் தாள்களை எடுத்து, முழுநிலவு நாளையும் உயிர்த்த ஞாயிறையும் சேர்த்துப் பாருங்கள். 2024 மார்ச் 25இல் முழுநிலவு; அடுத்து வந்த ஞாயிறு 31. 2026 ஏப்ரல் 2இல் முழுநிலவு. அடுத்து வந்த ஞாயிறு 5. 2025இல் முழுநிலவே ஒரு ஞாயிற்றுக்கிழமையில், புத்தாண்டுக்கு முதல் நாளான ஏப்ரல் 13ஆம் திகதி வந்தது. அன்று திருநாள் இல்லை. ஒரு கிழமை பொறுத்து 20ஆம் திகதிதான் கொண்டாடினார்கள்.

விதி இதுதான்: மார்ச் 21ஆம் திகதியிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவைப் பிடி, அதற்கு அடுத்த ஞாயிறு உயிர்த்த ஞாயிறு. இந்தக் கணக்கில் அது மார்ச் 22க்கு முந்தவும் முடியாது, ஏப்ரல் 25க்குப் பிந்தவும் முடியாது.

மார்ச் 21இல் என்ன விசேஷம்? அந்த நாளையொட்டித்தான் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருகிறது. உலகம் எங்கும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகின்றன. அதன் பிறகு சூரியன் வடக்கு நோக்கி நகரும். கம்பளை நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே இருக்கிறது. ஆகவே ஏப்ரல் முதல் வாரம் கழிந்த கையோடு சூரியன் நம் தலைக்கு நேரே வந்து நிற்கும். வெயில் இருந்தால் அந்த நாட்களில் பாடசாலை மைதானத்தில் ஒரு கம்பை நேராக நட்டுப் பாருங்கள். பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடமளவில் நிழல் கம்பின் அடிக்குள் ஒடுங்கிவிடும்.

ஒரு திருநாளைக் குறிக்கச் சூரியன், சந்திரன், வாரக் கிழமை என்று மூன்றும் தேவைப்படுகின்றன. இதில் வில்லங்கம் என்னவென்றால், இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. நிலா ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவுக்கு வர ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் எடுக்கிறது. பன்னிரண்டு நிலவு மாதங்களைக் கூட்டினால் 354 நாள். ஆண்டுக்கோ 365 நாள். அதனால் முழுநிலவு ஆண்டுதோறும் 11 நாள் முன்னே சரிகிறது. பழைய வானியலாளர்கள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள்: 19 ஆண்டுகளில் 235 நிலவு மாதங்கள் ஏறக்குறையச் சரியாகப் பொருந்துகின்றன. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்துக் கிறிஸ்தவ அறிஞர்கள் இந்த 19 ஆண்டுச் சுற்றை வைத்து அட்டவணை போட்டார்கள். அந்த நகரின் ஆயர்கள் வருகிற ஆண்டின் திருநாள் எப்போது என்று கடிதம் எழுதி ஊர்களுக்கு அறிவித்தார்கள். அலெக்சாந்திரியா என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள். அங்கிருந்து ஒருவர் நம் கதைக்குள் வரப்போகிறார்.

சரி, நிலாவைப் பார்க்கும் பழக்கம் கிறிஸ்தவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

முதல் கிறிஸ்தவர்கள் எல்லோரும் யூதர்கள். இயேசுவும் யூதர். யூதர்களின் பெருநாளான பாஸ்கா, நிசான் என்ற வசந்த காலத்து நிலவு மாதத்தின் 14ஆம் நாள் மாலையில், முழுநிலவையொட்டித் தொடங்கும். அந்தப் பாஸ்கா நாட்களில்தான், எருசலேம் நகரில், ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் ஆணைப்படி இயேசு சிலுவையில் அறையப்பட்டார். பிலாத்து உண்மையில் இருந்த ஆள்தானா என்று கேட்கத் தோன்றுகிறதா? கேட்க வேண்டிய கேள்வி! செசரியா என்ற கடலோர ஊரில், 1961ஆம் ஆண்டு, பழைய அரங்கொன்றின் இடிபாட்டில் ஒரு சுண்ணாம்புக்கல் கிடைத்தது. யாரோ அதைப் படிக்கட்டுக் கல்லாகப் போட்டிருந்தார்கள். புரட்டிப் பார்த்தால் அதில் பிலாத்துவின் பெயர் இலத்தீன் எழுத்தில் வெட்டப்பட்டிருந்தது.

இயேசு மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவர்களின் விசுவாசம். அதை மண்வெட்டியால் தோண்டி நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆனால் அதை நம்பிய முதல் மனிதர்கள் எங்கே கூடினார்கள், எந்தக் கிழமையில் கூடினார்கள், என்ன சாப்பிட்டார்கள், என்ன பாடினார்கள் என்பதெல்லாம் தடயம் விட்டுப் போகிற விஷயங்கள். தடயம் இருந்தால் அறிவியல் அங்கே வேலையைத் தொடங்கிவிடும்.

முதல் தடயம் கடிதங்கள். பவுல் என்பவர் கிரேக்க நாட்டின் கொரிந்து நகரத்தாருக்கு 55ஆம் ஆண்டையொட்டி எழுதிய கடிதம் நம்மிடம் இருக்கிறது. நற்செய்தி நூல்களுக்கும் முந்திய எழுத்து அது. அப்பத்தைப் பிட்டுப் பகிர்வதும், கிண்ணத்திலிருந்து பருகுவதும், வாரத்தின் முதல் நாளில் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்து வைப்பதும் அதிலேயே வந்துவிட்டன.

இரண்டாவது தடயம் இன்னும் பெறுமதியானது, ஏனென்றால் அதை எழுதியவர் கிறிஸ்தவரே அல்ல. இன்றைய துருக்கியின் வடக்குப் பகுதிக்கு ரோம ஆளுநராக இருந்த பிளினி, 112ஆம் ஆண்டளவில் பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டு எழுதிய கடிதம் அது. பிடித்து வந்தவர்களை விசாரித்தாராம். அவர்கள் சொன்னது இதுதான்: குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுவோம், கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணி மாறி மாறிப் பாடுவோம், திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம் என்று உறுதி எடுப்போம், பிறகு மறுபடி கூடிச் சாதாரணச் சாப்பாடு சாப்பிடுவோம். நம்பாமல், இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் கேட்டுப் பார்த்தார் பிளினி. அந்தச் சபையில் அவர்கள் இருவரும் பணிவிடையாளர்களாக இருந்தவர்கள். அவர்களிடமிருந்தும் குற்றம் எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பெண்களின் பெயரைக்கூட அவர் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் கிறிஸ்தவ வழிபாட்டைப் பற்றி வெளியாள் ஒருவர் எழுதிய மிகப் பழைய சாட்சியங்களில் ஒன்று நமக்குக் கிடைத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஒருவரைப் பற்றி அவருடைய நண்பர் சொல்வதைவிட, அவரைப் பிடிக்காதவர் சொல்வதில் உள்ள நல்ல வார்த்தைக்கு நிறை அதிகம். வரலாற்று ஆய்வாளர்கள் பிளினியின் கடிதத்தை விரும்புவது இதனால்தான்.

இன்னும் நாற்பது ஆண்டு கழித்து, ரோம் நகரில் இருந்த யுஸ்தீன் என்ற அறிஞர் ஞாயிறு வழிபாட்டைப் பேரரசருக்கே விளக்கி எழுதினார். வாசிப்பு, விளக்கவுரை, எல்லோரும் எழுந்து நின்று மன்றாட்டு, அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சை ரசமும், வர முடியாதவர்களின் வீட்டுக்கு ஒரு பங்கு, அநாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் உண்டியல். உங்கள் வகுப்பில் படிக்கும் கிறிஸ்தவ நண்பரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். போன ஞாயிறு பூசையில் நடந்ததைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்.

உயிர்த்த திருநாளை எப்போது கொண்டாடுவது என்பதில் அந்தக் காலத்தில் இவர்களுக்குள் கருத்து வேறுபாடும் இருந்தது. சிமிர்னா போன்ற கிழக்கு நகரங்களில், எந்தக் கிழமையானாலும் பரவாயில்லை, நிசான் 14ஆம் நாளிலேயே கொண்டாடினார்கள். ரோமிலோ ஞாயிறுதான் வேண்டும் என்றார்கள். சிமிர்னாவின் முதிய ஆயர் பொலிகார்ப்பு 155ஆம் ஆண்டளவில் ரோமுக்குப் போய் அங்கிருந்த ஆயர் அனிசேத்துடன் பேசினார். இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒன்றாக வழிபட்டு, சமாதானமாகப் பிரிந்தார்கள். 325ஆம் ஆண்டு நிசேயா நகரில் கூடிய பெரிய சங்கம்தான் எல்லோரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று தீர்மானித்தது.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். முதல் இருநூறு ஆண்டுகளில் கிறிஸ்தவர்களுக்குக் கோபுரம் வைத்த கோவில் கிடையாது. வீடுகளில் கூடினார்கள். அப்படிப்பட்ட ஒரு வீடு மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கிறது! சிரியாவில், யூப்பிரத்தீஸ் ஆற்றங்கரையில் உள்ள தூரா-யூரோப்பொஸ் என்ற கோட்டை நகரம். 256ஆம் ஆண்டையொட்டிப் பாரசீகப் படை அதை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த ரோமர்கள் மதிலைப் பலப்படுத்த அதையொட்டிய தெரு முழுவதையும் மண்ணால் மூடினார்கள். நகரம் விழுந்தது, மக்கள் போய்விட்டார்கள், மண் மட்டும் அப்படியே கிடந்தது. 1931–32இல் தோண்டியபோது ஒரு சாதாரண வீடு வெளிப்பட்டது. இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்து ஒரு கூடமாக்கியிருந்தார்கள். இன்னொரு சிறிய அறையில் ஞானஸ்நானத் தொட்டி. அதைச் சுற்றிச் சுவரில் ஓவியங்கள்: ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன், கிணற்றடியில் ஒரு பெண், தண்ணீர்மேல் நடக்கும் இயேசு.

அந்த ஓவியங்களில் ஒன்று குறைகிறதே, கவனித்தீர்களா? சிலுவை! ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் மீன், நங்கூரம், மேய்ப்பன் ஆகியவற்றையே அதிகம் வரைந்தார்கள். சிலுவை அப்போது கொலைத்தண்டனைக் கருவி. மக்கள் அதைக் கண்ணால் கண்டு நடுங்கிய காலம். 4ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசே கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பிய பிறகுதான் சிலுவை எங்கும் பரவிய அடையாளமாயிற்று. இந்தச் செய்தி இன்னும் சற்று நேரத்தில் நமக்கு உதவும்.

வீட்டுக்குள் ஒளிந்து வழிபட்ட காலம் நம் நாட்டுக்கும் இருந்தது. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த நாட்களில், கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப்பு வாஸ் அடிகளார் இரவில் வீடுகளில் பூசை வைத்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது, உளவாளி என்று சந்தேகித்து அவரைச் சிறையில் போட்டார்கள். பிறகு இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரே அவருக்குப் பணிசெய்ய அனுமதி கொடுத்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளிகளை வாஸ் அடிகளார் பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆனால் இலங்கையில் கிறிஸ்தவ வழிபாடு வாஸ் அடிகளாரோடும் தொடங்கவில்லை, 1505இல் வந்த போர்த்துக்கேயரோடும் தொடங்கவில்லை. அதற்கு ஆயிரம் ஆண்டு முந்திய ஒரு கதை இருக்கிறது.

அலெக்சாந்திரியாவிலிருந்து ஒருவர் வருவார் என்றேனே, அவர்தான் கொஸ்மாஸ். வியாபாரியாகக் கடலோடி, பிறகு துறவியானவர். 550ஆம் ஆண்டையொட்டி ஒரு புத்தகம் எழுதினார். அதில் தப்ரபேன், அதாவது நம் இலங்கையைப் பற்றி ஒரு பகுதி உண்டு. அங்கே பாரசீகக் கிறிஸ்தவர்களின் கோவில் ஒன்று இருக்கிறது, பாரசீகத்தில் நியமிக்கப்பட்ட ஒரு குருவும் ஒரு திருத்தொண்டரும் இருக்கிறார்கள், வழிபாட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன, நாட்டு மக்களும் மன்னரும் வேறு சமயத்தவர் என்று எழுதியிருக்கிறார்.

சொபத்திரோஸ் என்ற வியாபாரியின் கதையையும் அவர் சொல்கிறார். இலங்கை மன்னர் முன்னால் சொபத்திரோசும் ஒரு பாரசீகரும் நின்றார்களாம். உங்கள் இருவரின் அரசர்களில் யார் பெரியவர் என்று மன்னர் கேட்க, பாரசீகர் தம் அரசரை அளவில்லாமல் புகழ்ந்தார். சொபத்திரோஸ் அதிகம் பேசவில்லை. இரு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு நாட்டுக் காசையும் காட்டச் சொன்னார். பாரசீகக் காசு வெள்ளி. ரோமக் காசு பளபளக்கும் பொன். மன்னர் மகிழ்ந்து, சொபத்திரோசை யானைமேல் ஏற்றி, மேளதாளத்தோடு நகர்வலம் விட்டாராம்.

கொஸ்மாஸ் சொல்வதை நம்பலாமா? இங்கேதான் அறிவியல் மூளை வேண்டும். பூமி தட்டையானது, உலகம் ஒரு பெரிய பெட்டியைப் போன்றது என்று அதே புத்தகத்தில் அடித்துச் சொன்னவரும் இவர்தான்! அவருக்கு முன்பே கிரேக்க அறிஞர்கள் பூமி உருண்டை என்று நிரூபித்திருந்தும் அவர் ஏற்கவில்லை. வானத்தைப் பற்றி அவர் சொன்னது முழுத் தவறு. அதற்காகத் துறைமுகச் செய்திகளையும் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே, வேறு சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வேறு சான்று 1912இல் கிடைத்தது. அநுராதபுரத்தில் தொல்பொருள் திணைக்களம் தோண்டிய இடத்தில் ஒரு கருங்கல் தூண். அதன் பக்கத்தில் குழிவாகச் செதுக்கிய கட்டத்துக்குள் ஒரு சிலுவை. கிட்டப் போய்ப் பார்ப்போம். சிலுவை படிக்கட்டுப் பீடத்தில் நிற்கிறது. அடியிலிருந்து இரு பக்கமும் இலைகள் எழுந்து வளைகின்றன. கைகளின் நுனிகளில் முத்துப் போன்ற உருண்டைகள். சிலுவையில் இயேசுவின் உருவம் இல்லை. எழுத்து ஒன்றுகூட இல்லை.

எழுத்து இல்லாததுதான் பெரிய தலைவலி. நம் பக்கத்துக் கடலாதெனிய விகாரையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளை தலைநகராக இருந்த காலத்தில், 1344இல் கட்டப்பட்டது. தலைமைச் சிற்பி தென்னாட்டிலிருந்து வந்த கணேசுவராசாரி. அங்குள்ள பாறைக் கல்வெட்டே இதையெல்லாம் சொல்லிவிடுகிறது. அநுராதபுரச் சிலுவை எதுவும் சொல்வதில்லை. கதிரியக்கக் கார்பன் முறையால் வயதைக் கணிக்கலாமே என்பீர்கள். மரம், கரி, எலும்பு என்று ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருளுக்குத்தான் அது சரிவரும். கருங்கல்லுக்கு உதவாது. கல்லின் வயது வேறு, அதில் உளி பட்ட நாள் வேறு.

தூணைக் கண்டெடுத்த காலத்தில் தொல்பொருள் பொறுப்பிலிருந்த அயர்டன் அது போர்த்துக்கேயச் சிலுவை என்றார். 1924இல் ஹோகார்ட்டும் அதையே சொன்னார். 1926இல் கொட்ரிங்டன் என்ற வரலாற்றாசிரியர் மாற்றிச் சொன்னார்: இது கொஸ்மாஸ் எழுதிய அந்தப் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சிலுவை!

யார் சொன்னது பொருந்துகிறது என்று நீங்களே யோசியுங்கள். 993இல் சோழர் படையெடுப்புக்குப் பிறகு அநுராதபுரம் தலைநகர் என்ற நிலையை இழந்து, மெல்ல மெல்லக் காடேறிவிட்டது. போர்த்துக்கேயர் வந்தது அதற்கு ஐந்நூறு ஆண்டு பிந்தி. அவர்கள் காட்டுக்குள் போய் ஏன் தூணில் சிலுவை செதுக்க வேண்டும்? அடுத்து, வடிவம். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் கிடைத்த சிலுவையும், கேரளத்துக் கோட்டயத்துப் பெரிய பள்ளியில் உள்ள சிலுவைகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைச் சுற்றிப் பாரசீகரின் பழைய பகலவி எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. மன்னாரின் மாந்தைத் துறைமுக அகழ்வில் சிலுவைக் குறி பதித்த களிமண் முத்திரை ஒன்றும் கிடைத்திருக்கிறது. தூராவின் ஓவியங்களில் பார்த்தது நினைவிருக்கிறதா? சிலுவை பரவலான அடையாளமானது 4ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு. ஆகவே இந்தத் தூண் அதற்கும் முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. மேலும் கீழும் எல்லை போட்டாயிற்று. நடுவில் கொஸ்மாஸ் நிற்கிறார். கொட்ரிங்டன் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் முடிவு. இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரும் இப்படித்தான் கருதுகிறார்கள்.

அந்தப் பாரசீகர்கள் பருவக்காற்றைப் பிடித்து வந்த குதிரை வியாபாரிகளும் மாலுமிகளும். அவர்களின் திருச்சபை 410இல் பாரசீகத் தலைநகரில் கூடித் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது. இயேசு பேசிய அரமேய மொழியின் கிளையான சிரிய மொழியில் வழிபட்டது. பௌத்த மன்னர் ஆண்ட அநுராதபுரத்தில், பெரிய தாகபைகளின் நிழலில், இந்த வெளிநாட்டுச் சிறு கூட்டம் ஞாயிறுதோறும் அப்பம் பிட்டுத் தன் வழிபாட்டை நடத்தியிருக்க வேண்டும். யாரும் அவர்களைத் துரத்தியதாகச் செய்தி இல்லை. அம்புலுவாவ மலையில் விகாரையையும் கோவிலையும் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் ஒன்றாகப் பார்த்து வளரும் உங்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது. எனக்கு இது நம் தீவின் வரலாற்றில் மிகவும் பெருமைப்பட வேண்டிய பக்கங்களில் ஒன்று.

சுற்றுலாவுக்கு அநுராதபுரம் போகும்போது ஸ்ரீ மகாபோதியோடு திரும்பிவிடாதீர்கள். தொல்பொருள் நூதனசாலைக்கும் கூட்டிப்போகும்படி ஆசிரியரைக் கேட்டு, அந்தத் தூணைப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொட்ரிங்டனின் வாதம் நின்றதற்குக் காரணம், அந்தத் தூண் கிடைத்த இடம் தெரிந்திருந்ததுதான். 1912இல் யாராவது அதைக் கிளப்பிக்கொண்டுபோய்க் கொழும்பில் ஒரு பூந்தோட்டத்தில் வைத்திருந்தால், இன்றும் அதைப் போர்த்துக்கேயச் சிலுவை என்றே சொல்லிக்கொண்டிருப்போம். கம்பளையும் ஒரு காலத்துத் தலைநகர். அத்திவாரம் வெட்டும்போதோ, மண்சரிந்த இடத்திலோ, ஆற்றோரத்திலோ எழுத்தோ உருவமோ உள்ள கல் உங்கள் கண்ணில் பட்டால் சுரண்டாதீர்கள், கழுவாதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள், இடத்தைவிட்டு அசைக்காதீர்கள். ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் மூலம் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.